பெயர் திரும்பும், வினை திரும்புமா? பக்கவாதத்திற்குப் பின் மூளைத் தூண்டலும் பேச்சுப் பயிற்சியும்



இன்றைய பொழிவு மருத்துவமனையில் தொடங்கி இலக்கணத்திற்கு வந்து சேர்வது. பக்கவாதத்தால் மொழியை இழந்தவர்களின் தலையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே பேச்சுப் பயிற்சியும் அளிக்கும் முறை ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. மருத்துவர்கள் பேச வேண்டிய பொருளில் மொழியியலார்க்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அச்சிகிச்சையில் மின்னோட்டம் ஒரு பாதி, மறுபாதி சொற்கள். எந்தச் சொற்களை, எந்த வடிவில் பயிற்றுவது என்பது மருத்துவர் மட்டுமே விடை காணக்கூடிய வினா அன்று. நோயாளி தமிழ் பேசுபவர் என்றால் அவ்வினாவிற்கு ஆயத்தமான விடை இன்று எவரிடமும் இல்லை. அதைப் பற்றிப் பேசவே வந்துள்ளோம்.

மொழியிழப்பு என்பது குரல் இழப்பு அன்று. நாக்கின் தளர்ச்சியும் அன்று. அறிவு மழுங்குதலும் அன்று. மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ ஒரு பகுதி அழியும்போது, பெரும்பாலோர்க்கு இடப்புறத்தில் அமைந்துள்ள மொழி வலைப்பின்னல் அறுபடுகிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு இது நேர்கிறது. சிலர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு பெருமளவு மீள்கிறது. பலர்க்கு எஞ்சிய வாழ்நாள் முழுவதும் குறை தொடர்கிறது. தேநீர்க் குவளையைப் பார்ப்பார். எதற்குப் பயன்படுவது என்று அறிவார். கையால் எடுத்துக் குடிக்கவும் செய்வார். பெயர் மட்டும் வராது. வீட்டார் இதனை மறதி என்று எண்ணிக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுப்பதும், உரக்கப் பேசுவதும் எங்கும் காணக்கூடிய காட்சி. நோயாளிக்கு இதனினும் பெரிய அவமதிப்பு வேறில்லை என்றே கருதுகிறோம்.

1861ஆம் ஆண்டு பாரிசு நகருக்கு அருகில் இருந்த பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்னும் நோயாளியைப் போல் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் பார்த்தார். இருபத்தோர் ஆண்டுகளாக அவர் சொல்லக்கூடியதெல்லாம் 'தான்' என்னும் ஓர் அசையே. தமிழ்க் காதுக்கு அது பொருளுள்ள சொல்லாகவே கேட்கும். அவர்க்கோ எல்லாச் சொல்லும் அதுவே. சில நாள்களில் அவர் இறந்தபின் மூளையை ஆய்ந்த புரோக்கா, இடப்புற முன்பகுதியில் சிதைவைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே மற்றொரு வகையை விளக்கினார். அவர் விளக்கிய நோயாளிகள் சரளமாகப் பேசுவர். பேச்சில் பொருள் இராது. பிறர் பேச்சும் அவர்க்கு விளங்காது. இவ்விரு பெயர்களும் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. மூளையை இரண்டு புள்ளிகளாகப் பார்க்கும் அந்தப் படம் இன்று பெரிதும் மாறிவிட்டது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

மொழியிழப்பை மொழியியலின் பொருளாக்கியவர் ரோமான் யாக்கப்சன். குழந்தை மொழியையும் மொழியிழப்பையும் இணைத்து 1941இல் அவர் எழுதினார். பின்னர் 1956இல், பேசுவோர் செய்யும் செயல்கள் இரண்டு என்றார்: ஒன்று சொற்களைத் தெரிவு செய்தல், மற்றொன்று தெரிந்தவற்றை இணைத்தல். முன்னது கெட்டவர்க்குப் பெயர்கள் நழுவும். பின்னது கெட்டவர்க்குத் தொடர் உதிரும். அவர் பகுப்பு முழுவதும் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் பெயரைச் சொல்வது ஒரு வேலை, தொடரைக் கட்டுவது வேறு வேலை என்பது சிகிச்சையின் நடுவே மறுபடியும் எழுந்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி மின்னோட்டத்திற்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் செருமனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் ஆகிய இருவரும், மண்டையின் மேல் வைத்த மின்முனைகள் வழியே மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, மூளையின் இயக்கப் பகுதியின் கிளர்ச்சித் திறனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினர். உப்புநீரில் நனைத்த பஞ்சுறைக்குள் மின்முனைகள் இருக்கும். செலுத்தப்படுவது வழக்கமாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர். நேரம் ஏறத்தாழ 20 நிமிடம். அதன் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலும் பரவி வீணாகிவிடும். மூளையை அடையும் சிறுபகுதி எந்த நரம்பணுவையும் தானாக இயக்கிவிடாது. இயங்கும் நிலையில் உள்ள அணுவைச் சற்று எளிதாக இயங்கச் செய்யும், அவ்வளவே. நோயாளிக்குச் சற்றே அரிப்போ குறுகுறுப்போ தெரியும்.

மின்னோட்டத்தை மட்டும் செலுத்திவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் பயன் இராது என்பது இதிலிருந்தே விளங்கும். ஒன்றாக இயங்கும் நரம்பணுக்களிடையே தொடர்பு வலுப்பெறும் என்ற கருத்தை டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்தார். சொல்லைத் தேடும் பயிற்சி அத்தொடர்புகளை இயக்குகிறது. மின்னோட்டம் அவ்வியக்கம் பதிவதற்கு இடம் கொடுக்கிறது. ஈரமண்ணில் விதை ஊன்றுவது போன்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஈரம் எந்த விதைக்கும் ஈரமே. களைக்கும் அது உதவும். பயிற்சியில் இடம்பெறுவதையே மின்னோட்டம் வலுப்படுத்தும்; இடம்பெறாததை அது அறியாது.

காந்தத் தூண்டல் என்னும் மற்றொரு முறையும் உண்டு. 1985இல் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் உருவானது. தலைக்கருகே வைத்த கம்பிச்சுருள் வழியே காந்தத் துடிப்பு செலுத்தப்படும். நொடிக்கு ஒன்று என்னும் மெதுவான துடிப்பு, கீழுள்ள பகுதியை அடக்கும். பாஸ்டன் நகரில் மார்கரெட் நேசர் குழுவினர் 2005இல் நான்கு நோயாளிகளின் வலப்புற முன்பகுதியை இவ்வாறு அடக்கியபோது, பெயர் கூறும் திறன் கூடியதாகத் தெரிவித்தனர். இடப்புறம் சிதைந்தபின் வலப்புறம் கட்டின்றி எழுந்து மீட்சியைத் தடுக்கிறது என்பது அதன் பின்னுள்ள கோட்பாடு. வலப்புறம் உதவுகிறது என்று கூறுவாரும் உளர். இராகத்தோடு சொற்களைப் பயிற்றும் முறையில் அந்த வலப்புறத்தையே மின்னோட்டத்தால் ஊக்கிப் பார்த்தவர்களும் உண்டு. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

நாம் நின்று நோக்க வேண்டியது 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜூலியஸ் ஃப்ரிட்ரிக்சன் தலைமையில் நடந்தது. பக்கவாதம் கண்டு நெடுநாளாகி, மீட்சி நின்றுவிட்டதாகக் கருதப்படும் நிலையிலிருந்த 74 பேர் அதில் பங்கேற்றனர். மூன்று வாரம், வாரத்திற்கு ஐந்து நாள், நாள்தோறும் 45 நிமிடம் கணினிவழிப் பயிற்சி. முதல் 20 நிமிடம் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். ஒரு பிரிவினர்க்கு உண்மையான மின்னோட்டம். மற்றொரு பிரிவினர்க்குத் தொடக்கத்தில் மட்டும் குறுகுறுப்பைத் தந்துவிட்டு நிறுத்தப்படும் போலித் தூண்டல். யார் எப்பிரிவு என்று நோயாளியும் அறியார், அளப்பவரும் அறியார். ஒவ்வொருவர்க்கும் மூளைப் படம் எடுத்து, இடப்புறத்தில் சிதையாமல் எஞ்சி, பெயர் கூறும்போது மிகுதியாக இயங்கும் இடத்தைக் கண்டு அங்கு மின்முனை வைக்கப்பட்டது.

பயிற்சி எளியது. திரையில் ஒரு படம் தோன்றும். பின் ஒருவரின் வாயசைவோடு ஒரு சொல் ஒலிக்கும். இரண்டும் பொருந்துகின்றனவா இல்லையா என்று நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். சொற்கள் பெயர்ச்சொற்கள்.

பயிற்சி முடிந்து ஒரு வாரம் சென்றபின், உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் முன்பைவிடச் சராசரியாக 13.9 பெயர்களைக் கூடுதலாகச் சரியாகக் கூறினர். போலித் தூண்டல் பெற்றவர்கள் 8.2. வேறுபாடு கணிசமானதே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இம்முறையைக் கைவிட்டுவிடலாமா, மேலும் பெரிய ஆய்வுக்குக் கொண்டுசெல்லலாமா என்று முடிவெடுப்பதற்காகவே அவ்வாய்வு வடிவமைக்கப்பட்டது. கைவிட வேண்டியதில்லை என்பதே அதன் முடிவு. பயன் உறுதிப்பட்டது என்று அது சொல்லவில்லை. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுண்டு. ஆசிரியர்கள் வகுப்பில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டலாம்.

அதே 2018இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலிருந்து வந்த ஆய்வோ வேறு விடை தந்தது. பக்கவாதம் கண்டு மூன்று மாதத்திற்கு உட்பட்ட 58 பேர். சொல் தேடும் பயிற்சியோடு புரோக்கா பகுதியின் மேல் மின்னோட்டம். உண்மைத் தூண்டலுக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை. முதல் மாதங்களில் மூளை தானாகவே மீண்டுகொண்டிருப்பதால் மின்னோட்டத்தின் சிறு பங்கு அதில் மறைந்திருக்கலாம். அனைவர்க்கும் ஒரே இடத்தில் மின்முனை வைத்ததும் காரணமாகலாம். தென் கரோலினா ஆய்வாளர்களே, ஒரு மரபணுவின் வேறுபாட்டைப் பொறுத்துச் சிலர்க்கு மின்னோட்டம் மிகுதியாகவும் சிலர்க்குக் குறைவாகவும் பயன்பட்டதைப் பின்னர்க் கண்டனர். ஆக, இச்சிகிச்சை இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திற்குள்ளேயே உள்ளது. இடையில் ஒரு சொல்: ஒன்பது வோல்ட் மின்கலத்தையும் இரண்டு கம்பிகளையும் கொண்டு இதனை வீட்டிலேயே செய்துபார்ப்போர் உலகெங்கும் உளர். தோல் வெந்துபோகும், எவ்விடத்தைத் தூண்டுகிறோம் என்பதும் தெரியாது. மாணவர்கள் அருள்கூர்ந்து அப்பக்கம் செல்ல வேண்டா.

மின்னோட்டம் இன்றியே பயிற்சி பயன்தரும் என்பதில் ஐயம் குறைவு. செருமனியில் 156 பேரை வைத்து நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், வாரத்திற்குக் குறைந்தது 10 மணி நேரமாக மூன்று வாரம் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள், நோய் கண்டு ஆறு மாதம் கடந்த பின்னரும் அன்றாடப் பேச்சில் முன்னேறினர். பயிற்சியே தலைமைச் சிகிச்சை. மின்னோட்டம் அதன் துணை. துணையைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. தலைமையானது ஒவ்வொரு மொழியிலும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றிய கட்டுரைகளோ சிலவே.

இவ்விடத்தில்தான் இலக்கணம் வருகிறது. மின்னோட்டம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை 2019இல் வெளிவந்தது. பெயர்ச்சொற்களைக் கூறும் திறன் மேம்படக்கூடும் என்பதற்கு அதில் ஓரளவு சான்று இருந்தது. வினைச்சொற்களுக்கு அத்தகைய சான்று கிட்டவில்லை. வினையைச் சோதித்த ஆய்வுகளே மிகச் சில. அன்றாட உரையாடல் மேம்பட்டது என்பதற்கும் சான்று இல்லை. பெயரை அளப்பதன் காரணம் வெளிப்படை: பெயரைப் படமாக வரையலாம். நாற்காலியை வரைந்தால் எவரும் நாற்காலி என்பர். 'வருந்தினான்' என்பதை வரைந்து பார்த்தால் இடர்ப்பாடு தெரியும். வரைய எளிதானது அளக்கப்பட்டது, அளக்கப்பட்டது பயிற்றப்பட்டது, பயிற்றப்பட்டது மேம்பட்டது.

தமிழ் நோயாளிக்கு இதனால் நேரும் இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவோம். 'வலி' என்னும் பெயர் அவர்க்குத் திரும்பிவிட்டது என்று கொள்வோம். தாதியர் ஓடி வருவர். வலிக்கிறதா, வலித்ததா, இனி வலிக்குமோ என்று அஞ்சுகிறாரா, வலிக்கவில்லை என்கிறாரா? நான்கையும் வேறுபடுத்துவது பெயர் அன்று. வினையின் இறுதிப் பகுதி. 'வந்தேன்' என்னும் ஒரு சொல்லில் செயலும் காலமும் செய்தவரும் அடங்கியுள்ளன. 'வரமாட்டேன்' என்பதில் மறுப்பும் சேர்ந்துள்ளது. ஒரு சிகிச்சையை வேண்டா என்று மறுக்கும் உரிமையைத் தமிழர் செலுத்துவது இத்தகைய வினைவடிவங்களின் வழியேதான். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பெயரியலையும் வினையியலையும் தனித்தனி இயல்களாக வகுத்ததை நாம் தேர்வுக்காக மனனம் செய்தோம். நோயாளியின் மூளையில் அப்பகுப்பு உயிருள்ளது: பெயரை இழந்து வினையைக் காத்திருப்போரும் உண்டு, வினையை இழந்து பெயரைக் காத்திருப்போரும் உண்டு.

இன்னும் ஒன்று. தமிழில் வினையின் ஈறு உதிர்ந்தால் எஞ்சும் அடிச்சொல் வெறுமையாக நிற்பதில்லை, ஏவலாகிவிடுகிறது. 'வந்தேன்' என்று சொல்ல முயல்பவர் 'வா' என்ற அளவில் நின்றுவிட்டால், கேட்பவர் தம்மை அழைக்கிறார் என்றே கொள்வர். இத்தகைய அமைப்புடைய மொழிகளில் நோயாளிகள் ஈற்றை விடுவதைவிடத் தவறான ஈற்றை இடுவதே மிகுதி என்பது இத்தாலியம், எபிரேயம் போன்றவற்றை ஆய்ந்தோர் கண்டது. தமிழில் எவ்வாறு என்பதை உரிய அளவில் ஆய்ந்து சொல்ல வேண்டியவர்கள் நாம். தொடர் உதிரும் நோயாளிகளின் பேச்சைப் பல மொழிகளிலும் ஒரே முறையில் திரட்டி, லிஸ் மென், லொரெய்ன் ஓப்லர் இருவரும் 1990இல் பதிப்பித்த பெருந்தொகுப்பில் 14 மொழிகள் உள்ளன. இந்தி உண்டு, ஃபின்னியம் உண்டு, சப்பானியம் உண்டு. திராவிட மொழி ஒன்றும் இல்லை.

வினைக்கும் மின்னோட்டம் உதவலாம் என்னும் குறிப்பு இல்லாமல் இல்லை. இத்தாலியில் பாவோலா மரங்கோலோ குழுவினர் ஏழு நோயாளிகளைக் கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், வினையைக் கூறும் பயிற்சியோடு இடப்புற முன்பகுதியைத் தூண்டியபோது நல்ல பயன் தெரிந்தது. ஏழு பேர் என்பது சிறு எண்ணிக்கை. எனினும் வினையைப் பயிற்றினால் வினை மேம்படும் என்னும் வழியைச் சுட்டுகிறது. அவ்வழியில் தமிழ் நோயாளியை அழைத்துச் செல்லத் தமிழ் வினைப்பட்டியல் வேண்டும்.

ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் போதாதா? போதாது. ஒரு பெண் கத்தியால் காய்கறியை வெட்டும் படத்திற்கு ஆங்கிலத்தில் விடை ஒன்று. தமிழில் ஒருவர் 'வெட்டுகிறாள்' என்பார், மற்றொருவர் 'நறுக்குகிறாள்' என்பார், வேறொருவர் 'அரிகிறாள்' என்பார். மூவரும் சரி. விடைத்தாளில் ஒன்றே இருந்தால் இருவர் நோயாளியாகிவிடுவர். மறுதலையாக, கண்ணாடி உடையும் படத்திற்கு ஆங்கிலத்தில் ஒரே வினையடி தன்வினைக்கும் பிறவினைக்கும் பொருந்தும். தமிழில் 'உடைந்தது' வேறு, 'உடைத்தான்' வேறு. 'உருண்டது' வேறு, 'உருட்டினான்' வேறு. 'பையன் உடைந்தான்' என்று சொல்லும் நோயாளிக்கு அடிச்சொல் கிடைத்துவிட்டது, வினைவகை கிடைக்கவில்லை. அவர்க்கு வேண்டிய பயிற்சி முற்றிலும் வேறு. மொழிபெயர்த்த பட்டியல் இவ்வேறுபாட்டைக் காணவே காணாது. 'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அவ்வாறே: வினைமுற்று இரண்டிற்கும் ஒன்றுதான்; ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் மனைவி தம்மைச் சேர்த்துச் சொல்கிறாரா, விலக்கிச் சொல்கிறாரா என்பது அந்த ஒரு சொல்லில் உள்ளது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மேலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் 'மின்தூக்கி' என்று இருக்கும். எழுபது வயதுப் பெரியவர் ஐம்பதாண்டுகளாக 'லிஃப்ட்' என்றே சொல்லி வந்திருப்பார். 'ஈரச்சந்தை' என்று நாம் எழுதுவோம்; அவர் 'பசார்' என்பார். இவற்றைப் பிழை என்று குறிப்பது மருத்துவமும் அன்று, தமிழ்ப்பற்றும் அன்று. நோய்க்கு முன் அவர் எதைச் சொன்னாரோ அதுவே அவர் சொல். எழுத்துத் தமிழில் அமைந்த பயிற்சிக்கும் இது பொருந்தும். 'வலிக்குது' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரிடம் 'வலிக்கிறது' என்று பயிற்றினால், இழந்ததை மீட்கவில்லை; புதிதாக ஒன்றைக் கற்பிக்கிறோம். சிங்கப்பூர்ப் பள்ளிப் பாடத்திட்டம் 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு இடமளித்ததை ஆசிரியர்கள் அறிவர். வகுப்பறையில் ஏற்றுக்கொண்டதை நோயாளியின் படுக்கையருகே மறுப்பதற்கில்லை.

மின்முனையை எங்கே வைப்பது என்று நாம் ஆராயப்போவதில்லை. சொற்பட்டியலைத் தொகுப்பது நம்மால் ஆகும். பல்கலைக்கழக மாணவர் சிலரும் தமிழாசிரியர் சிலரும் சேர்ந்தால் ஓராண்டில் தொடங்கக்கூடிய பணி. அன்றாட வினைகள் நூறைத் தேர்ந்து ஒவ்வொன்றிற்கும் நிழற்படமோ சிறு காணொளியோ எடுத்தல். நோயில்லாத முதியோரிடம் காட்டி, என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னவாறே எழுதிக்கொள்ளுதல். திருத்தக் கூடாது. எத்தனை பேர் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று எண்ண வேண்டும். விடைகள் மிகவும் சிதறினால் அப்படம் பயிற்சிக்கு உதவாது, நீக்கிவிடலாம். இரண்டு மூன்று சொற்களில் நின்றால் அவை அனைத்தையும் சரியான விடையாக ஏற்கலாம். வயதையும், பிறந்து வளர்ந்த இடத்தையும், வீட்டில் வேறு எம்மொழி பேசுகிறார் என்பதையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வினைகளிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். பாடநூலின் வினை அட்டவணையிலிருந்து வேண்டா. பக்கவாதம் கண்ட ஒருவர் காலை எழுந்ததிலிருந்து பிறரிடம் சொல்ல வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள்: எழுப்பு, திருப்பு, தூக்கு, பிடி, விடு, ஊற்று, நிறுத்து, சொரி. இவற்றுள் பெரும்பாலானவை பிறவினைகள். தம்மால் செய்யவியலாததைப் பிறரைச் செய்யுமாறு கேட்பவை. இவற்றுள் 'விடு' முதலில் வரட்டும். ஒரு கையைப் பற்றியிருப்பவரிடமும், துணைவினையாக நின்று ஏனை வினைகள் பலவற்றோடும் அது பயன்படும்.